பிரிய வேண்டிய தையல், பிரியக் கூடாத தையல்

கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டில் மூட்டை கட்டும் நாளில் கோணி ஊசிக்கு வேலை வந்துவிடும். உள்ளங்கையைவிட நீளமான ஊசி அது. நுனிப் பக்கம் லேசாக வளைந்து தட்டையாக இருக்கும். சாமையோ மிளகோ நிரம்பிய சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்து, ஒரு மூலையைக் குவித்துச் சணலால் இறுக்கிச் சுற்றி முதலில் ஒரு 'காது' வைக்க வேண்டும். அங்கிருந்து எட்டு எட்டாக எதிர்மூலை வரை சணலை ஓட்டிக்கொண்டு போய், அந்த மூலையிலும் ஒரு காது. இந்த இரண்டு காதுகளையும் பிடித்துத்தான் மூட்டையை முதுகில் ஏற்றுவார்கள். காரவள்ளி அடிவாரம் வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் குலுங்கிக் குலுங்கி இறங்கினாலும் அந்தத் தையல் விடாது. சந்தையில் காதை அறுத்துச் சணலை இழுத்தால் சரசரவென்று ஒரே மூச்சில் உருவிக்கொண்டு வந்துவிடும்.

அதே வீட்டுக் கொடியில் ஒரு பள்ளிச் சீருடை காய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை மரம் ஏறியதில் அக்குளில் தையல் விட்டிருக்கிறது. கோணி ஊசிக்குப் பதில் சின்ன ஊசி, சணலுக்குப் பதில் பருத்தி நூல் என்று மாற்றிக்கொண்டு, சாக்கில் ஓட்டியதைப் போலவே ஓட்டினால் போதுமா? போதாது. இரண்டே நாளில் மறுபடி விட்டுவிடும். சாக்கின் தையல் பிரிய வேண்டியது, சட்டையின் தையல் பிரியக் கூடாதது. கைத்தையல் பழகத் தொடங்கும் ஒருவர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். ஓட்டுத் தையல், பின் தையல், எம்மிங், காஜா என்று பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றும் எதைத் தாங்குவதற்காக அப்படிப் போகிறது என்று புரிந்துகொண்டால் கை தானாகப் பழகிவிடும்.

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை ஒன்றியம் பதினான்கு நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு என்று நீளும் அந்த வரிசையில் திண்ணனூர் நாடும் ஒன்று. கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே, சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் மலை. பொத்தான் அறுந்த சட்டைக்காக யாரும் பேருந்து பிடிக்கப் போவதில்லை. ஊசியும் நூலும் வீட்டில் இருந்தாக வேண்டும்.

நூலைப் பிடித்து வைப்பது எது?

தைத்த துணி பிரியாமல் இருப்பதற்குக் காரணம் முடிச்சு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முடிச்சு தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. நடுவில் நூறு தையல் இருக்கிறதே, அவற்றைப் பிடித்து வைத்திருப்பது எது?

உராய்வு. நூல் துணிக்குள் நுழையும்போது ஒரு முறை வளைகிறது, வெளியே வரும்போது ஒரு முறை வளைகிறது. ஒவ்வொரு வளைவிலும் துணி நூலைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. கட்டுத்தறியில் மாட்டைக் கட்டும்போது கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினாலே எவ்வளவு முரட்டு மாட்டையும் ஒரு கையால் நிறுத்திவிடலாம். இந்தக் கணக்கை 18ஆம் நூற்றாண்டில் சூத்திரமாக எழுதியவர் கணித மேதை ஆய்லர். சுற்று கூடக் கூடப் பிடி கூட்டல் கணக்கில் வளராது, பெருக்கல் கணக்கில் வளரும். கயிற்றுக்கும் கம்பத்துக்கும் இடையே உராய்வுக் கெழு 0.3 என்றால், ஒரு முழுச் சுற்றில் பிடி ஏறக்குறைய ஆறரை மடங்கு. இரண்டு சுற்றில் நாற்பது மடங்குக்கு மேல். மூன்று சுற்றில் 280 மடங்கையும் தாண்டிவிடும்.

துணிக்குள் போகும் நூலும் அப்படித்தான். நூல் எத்தனை முறை, எவ்வளவு கூர்மையாக வளைகிறதோ அந்த அளவுக்குத் தையல் நிற்கும். ஆகவே தையலின் பலத்தில் பாதி நூலில் இருக்கிறது என்றால், மீதிப் பாதி நூல் போகும் வழியில் இருக்கிறது.

நாற்பதாயிரம் ஆண்டுக் கருவி

காதுள்ள ஊசி மனிதனிடம் வந்து ஏறக்குறைய 40,000 ஆண்டுகள் ஆகின்றன. சைபீரியக் குளிரில் வாழ்ந்தவர்கள் எலும்பைச் சீவிக் கூராக்கி, மறுமுனையில் துளையிட்டு ஊசி செய்திருக்கிறார்கள். தோலை மேலே போர்த்திக்கொண்டால் குளிர் உள்ளே புகும், உடம்போடு ஒட்டித் தைத்துக்கொண்டால் புகாது. தமிழ்நாட்டில் கீழடி அகழாய்விலும் நூல் நூற்கும் தக்களிகள், கூர்முனை கொண்ட எலும்புக் கருவிகள் ஆகியவற்றோடு செப்பு ஊசியும் கிடைத்ததாகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

நல்ல ஊசி துணியை அறுப்பதில்லை. நெசவுத் துணியில் பாவு நூலும் ஊடை நூலும் மேலும் கீழுமாகப் பின்னிக் கிடக்கின்றன. கூரான உருண்டை நுனி அந்த நூல்களை விலக்கி வழி செய்துகொண்டு போகிறது. ஊசி போன பிறகு விலகிய நூல்கள் மீண்டும் நெருங்கி வந்து தையல் நூலை நெரித்துப் பிடிக்கின்றன. மழுங்கிய ஊசி விலக்காமல் பிய்க்கும், பிய்த்த துளை மூடாது. துரு ஏறிய ஊசியைத் தூக்கிப் போட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. கடையில் வாங்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கைத்தையல் ஊசிகளில் எண் கூடினால் ஊசி மெலியும். சட்டைத் துணிக்கு நடுத்தர எண்ணே போதும்.

நூல் ஏன் சிக்கு விழுகிறது?

புதிதாகத் தைப்பவர்கள் செய்யும் முதல் தவறு ஆசைப்பட்டு நீள நூல் கோர்ப்பது. அடிக்கடி கோர்க்க வேண்டாமே என்று ஒரு மீட்டர் எடுப்பார்கள். பத்தாவது தையலில் சிக்கு விழும், முப்பதாவது தையலில் நூல் பிசிறும்.

பிசிறுவதற்கான கணக்கு எளிது. ஊசிக்குப் பக்கத்தில் இருக்கும் நூல் ஒவ்வொரு தையலுக்கும் துணிக்குள் புகுந்து வெளியே வருகிறது. அரை மீட்டர் நூலில் மூன்று மில்லிமீட்டர் தையலாகப் போனாலே, அந்தப் பகுதி நூறு தடவைக்கு மேல் துணியை உரசிவிடும். ஒரு மீட்டர் என்றால் இரண்டு மடங்கு. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை எவ்வளவோ அதைவிடச் சற்றுக் கூடுதலாக எடுத்தால் போதும். நூலும் தேயாது, கையும் ஒரே வீச்சில் இழுத்துவிடும்.

சிக்குக்குக் காரணம் வேறு. நூல் என்பதே முறுக்குத்தான். பஞ்சு இழைகளை முறுக்கிப் புரியாக்கி, புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கித்தான் தையல் நூல் செய்கிறார்கள். தைக்கும்போது விரலுக்கிடையே ஊசி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உருளுகிறது. அந்தத் திருகல் நூலில் ஏறிக்கொண்டே போகும். ஓர் எல்லையைத் தாண்டியதும் நூல் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு சுருளும். செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையும் கூடுதல் முறுக்கு ஏறினால் இப்படித்தான் சுருண்டுகொள்கிறது. இதற்கு மருந்து ஒரு நொடி வேலை. பத்துத் தையலுக்கு ஒரு முறை துணியைத் தூக்கிப் பிடித்து ஊசியைத் தொங்கவிட வேண்டும். ஊசி கிறுகிறுவென்று சுழன்று நிற்கும்போது முறுக்கு இறங்கியிருக்கும்.

கொல்லிமலைத் தேனுக்குப் பெயர் உண்டு. தேன் பிழிந்த பின் மிஞ்சும் மெழுகும் தையலுக்கு உதவும். மெழுகுக் கட்டியின் மேல் நூலை இரண்டு தடவை இழுத்தால், பிசிறி நிற்கும் இழைகள் நூலோடு படிந்துவிடும். நூல் விறைப்பாகும், காதில் கோர்க்க எளிதாகும், துணியை உரசித் தேய்வதும் குறையும். தேன்மெழுகு ஏறக்குறைய 63 டிகிரி செல்சியஸில் உருகும். மெழுகிட்ட நூலைத் தாளுக்கு இடையே வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டால், மேலே ஒட்டியிருந்த மெழுகு இழைகளுக்குள் இறங்கிவிடும்.

ஐந்து தையல், ஐந்து வேலை

சாக்கில் ஓடியதுதான் ஓட்டுத் தையல். மேலே, கீழே, மேலே, கீழே என்று அலைபோலப் போகும். கற்க எளிது, வேகம் அதிகம், நூல் செலவு குறைவு. ஆனால் இதில் நூல் பின்னோக்கித் திரும்புவதே இல்லை. ஓரிடத்தில் அறுந்தால் இழுத்த இழுப்புக்கெல்லாம் வழுக்கிக்கொண்டு வரும். தையல் நெடுக துணியை இழுத்தால் நீளக் கொடுக்க உபரி நூலும் இல்லை. ஆகவே சட்டையை அளவு பார்க்கத் தற்காலிகமாக இணைப்பதற்கும், சுருக்கு வைப்பதற்கும், போர்வையின் அடுக்குகளைச் சேர்ப்பதற்கும்தான் இது பொருத்தம். பிரிய வேண்டிய இடத்துக்கு ஓட்டுத் தையல்.

அக்குளுக்குத் தேவை பின் தையல். கெட்டித் தையல் என்றும் சொல்வதுண்டு. கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஊசி கீழிருந்து மேலே வருகிறது. முன்னே போகாமல் ஒரு தையல் அளவு பின்னே போய், முந்தைய தையல் முடிந்த துளையிலேயே இறங்குகிறது. துணிக்கு அடியில் இரண்டு தையல் அளவு முன்னே போய் மறுபடி மேலே வருகிறது. மேலிருந்து பார்த்தால் மெஷின் போட்டதுபோல இடைவெளி இல்லாத கோடு. திருப்பிப் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் கயிறு போன்ற வரிசை.

ஒரு தையல் நீளத்துக்கு மேலே ஒரு பங்கு, கீழே இரண்டு பங்கு. மொத்தம் மூன்று பங்கு நூல். பத்து சென்டிமீட்டர் பின் தையலுக்கு முப்பது சென்டிமீட்டர் நூலும், அதற்கு மேல் துணியின் தடிப்புக்கும் முடிச்சுக்கும் கொஞ்சமும் வேண்டும். இந்தக் கூடுதல் நூல் வீணாவதில்லை. பிள்ளை கையைத் தூக்கும்போது தையல் நீள்வதற்கு அதுதான் இடம் கொடுக்கிறது. ஒவ்வொரு தையலிலும் நூல் திரும்பி வளைவதால் உராய்வும் பெருகுகிறது. நடுவில் ஓரிடம் அறுந்தாலும் பக்கத்துத் தையல்கள் சட்டென்று விட்டுக்கொடுப்பதில்லை.

மூன்றாவது, சுற்றுத் தையல். வெட்டிய துணியின் ஓரத்தில் இருக்கும் கடைசி நூலுக்கு ஒரு பக்கம் துணை இல்லை. அதனால்தான் அது பிசிறாக உதிர்கிறது. ஓரத்தைச் சுற்றிச் சுற்றிச் சாய்வாக நூலை ஓட்டினால், துணையில்லாத நூல்களுக்கு அது வேலியாகிவிடும்.

நான்காவது எம்மிங். பாவாடை, வேட்டி, பேன்ட் ஆகியவற்றின் ஓரத்தை மடித்துத் தைப்பது. இங்கே ஊசி வெளித் துணியில் ஒரு நூலை, மிஞ்சினால் இரண்டு நூலை மட்டுமே எடுக்க வேண்டும், மீதியெல்லாம் மடிப்புக்குள் போக வேண்டும். நூலை இறுக்கினால் வெளியே புள்ளி புள்ளியாகக் குழி விழும். இந்தத் தையல் பாரம் தாங்குவதற்காகப் போடுவதில்லை, மடிப்பை அதன் இடத்தில் நிறுத்துவதற்கு மட்டும்தான். தளர்வாக விடக் கற்றுக்கொள்வதுதான் இதில் இருக்கும் கைத்திறன்.

ஐந்தாவது காஜா. பொத்தான் துளையின் ஓரத்தில் நெருக்கமாகப் போடும் ஒவ்வொரு தையலிலும் நூலை ஊசிக்கு அடியில் வளைத்து எடுப்பதால் விளிம்பில் ஒரு சின்ன முடிச்சு உட்காரும். பத்து இருபது முடிச்சுகள் வரிசையாக நிற்கும்போது பொத்தானின் இழுப்பு ஒரு நூலில் விழாமல் பங்கிட்டுக்கொள்ளப்படுகிறது. துணியை உரச வேண்டிய பொத்தான் முடிச்சை உரசுகிறது. காஜா தேயும், துணி பிழைக்கும்.

காஜாவோடு சேர்ந்தது பொத்தான். துணியோடு ஒட்ட இறுக்கித் தைத்த பொத்தானை மாட்டும்போது மேல் துணிக்கு இடமிருக்காது. மாட்டும் ஒவ்வொரு முறையும் நூல் நெம்பப்படும். பொத்தானுக்கு மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதையும் சேர்த்துத் தைத்துவிட்டு, குச்சியை உருவி எடுக்க வேண்டும். இப்போது பொத்தானை மேலே இழுத்தால், அதற்கும் துணிக்கும் நடுவே ஒரு குச்சி அளவு நூல் தளர்வாக நிற்கும். அந்த நூல் தண்டைச் சுற்றி நாலைந்து சுற்றுச் சுற்றி அடியில் முடிச்சுப் போட்டால் தண்டு விறைத்து நிற்கும். கட்டுத்தறிக் கயிற்றின் கணக்கு இங்கேயும் வேலை செய்கிறது.

முடிச்சுப் போடாத தையல்காரர்

தமிழ்நாட்டுத் தோட்டங்களில் வாலைத் தூக்கிக்கொண்டு, உடம்புக்குப் பொருந்தாத சத்தத்தில் கூவும் ஒரு சின்னப் பறவை உண்டு. தையல்சிட்டு. எடை பத்து கிராமைத் தாண்டாது. பெண் பறவை பெரிய இலை ஒன்றின் ஓரங்களை அலகால் குத்தி, சிலந்தி நூலையோ பஞ்சு இழையையோ அந்தத் துளையில் நுழைத்து, இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தொட்டிலாக்கிவிடும். கூடு அதற்குள்ளே. துளைகள் மிக நுண்மையானவை என்பதால் இலை கருகுவதில்லை, பச்சையாகவே இருந்து கூட்டை மறைக்கிறது.

இந்தப் பறவைக்கு முடிச்சுப் போடத் தெரியாது. துளைக்கு வெளியே வந்த இழை பஞ்சு பஞ்சாக விரிந்து கொண்டைபோல நிற்கும், அதனால் பின்னே உருவ முடியாது. பல தையல்கள் தனித்தனியானவை, அறையப்பட்ட ஆணிகளைப் போல. ஒன்று அறுந்தால் மற்றது அறியாது.

மருத்துவர்களும் காயத்துக்குப் பெரும்பாலும் இந்த முறையில்தான் தைக்கிறார்கள். ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு. ஒன்று விட்டாலும் காயம் வாய் திறக்காது, ஓரிடத்தில் சீழ் பிடித்தால் அந்தத் தையலை மட்டும் நீக்கலாம். பழைய சுசுருத சம்ஹிதை குடல் காயத்தைப் பெரிய கறுப்பு எறும்புகளின் தாடைகளால் சேர்த்துப் பிடிக்கச் சொல்கிறது. கடித்த எறும்பின் உடலைக் கிள்ளிவிட்டால் தலை தையலாக நிற்கும். அதுவும் தனித்தனித் தையல்தான்.

சாப்பாடு பரிமாறும் தையல் இலையிலும் இதே முறையைப் பார்க்கலாம். மந்தாரை இலைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, ஈர்க்குத் துண்டால் உள்ளே வெளியே என்று ஒரு குத்துக் குத்தி ஒடித்துவிடுவார்கள். நூலும் இல்லை, முடிச்சும் இல்லை. வளைந்த ஈர்க்கு நிமிரப் பார்க்கும், இலை அதைத் தடுக்கும், அந்த இழுபறியிலேயே தையல் நிற்கும்.

கை செய்வது, இயந்திரம் செய்யாதது

கைத்தையலில் ஊசி முழுவதுமாகத் துணியைக் கடந்து மறுபக்கம் போய்த் திரும்புகிறது. இதை அப்படியே செய்யும் இயந்திரத்தைப் படைக்கப் பலர் முயன்று களைத்தார்கள். கையைப் போல அந்தப் பக்கம் ஊசியைப் பிடித்து இழுத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? 1846இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற இயந்திரம் வழியையே மாற்றிக்கொண்டது. ஊசியின் காது அடியிலிருந்து நுனிக்கு வந்தது. நுனி மட்டும் துணிக்குள் இறங்கி ஒரு வளையம் விட்டுத் திரும்பும், அடியில் இருக்கும் இரண்டாவது நூல் அந்த வளையத்துக்குள் நுழைந்து பூட்டிக்கொள்ளும். இன்று தையல் மெஷினில் இருக்கும் பாபின் நூலின் வேலை அதுதான்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள் மெஷினில்தான் தைக்கிறார்கள். மெஷின் தைத்த சட்டையும் வீட்டுக்கு வந்த பிறகு கைக்குத்தான் வரும். கொக்கி, பொத்தான், விட்டுப்போன தையல், கிழிசல் எல்லாம் ஊசி நூல் வேலை.

கைத்தையல் ஒரு மலைச் சமூகத்தின் அடையாளமாகவே இருப்பதும் உண்டு. நீலகிரியின் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் பாவையும் ஊடையையும் கண்ணால் எண்ணி எண்ணிச் சிவப்பு, கறுப்பு நூலால் பூத்தையல் போடுவார்கள். கோடு வரைவதில்லை, சட்டம் மாட்டுவதில்லை. அதற்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொல்லிமலைக்கு வடக்கே, தருமபுரி மாவட்டத்தின் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்களின் பூத்தையல் ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. ஒருசில பாட்டிமார்களின் கையில் மட்டும் மிச்சமிருந்ததை இளம் பெண்கள் முதல் தையலிலிருந்து கற்றுக்கொண்டார்கள். அங்கே 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் தொடங்கிய டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் அமைப்பின் துணையோடு 'போர்கை' என்ற கைவினைக் குழுவும் உருவானது. போர்கை என்றால் லம்பாடி மொழியில் பெருமிதம்.

கட்டம் போட்ட துணியில் தொடங்கலாம்

பழகுபவருக்கு நல்ல துணி, பழைய கட்டம் போட்ட லுங்கி. கட்டத்தின் கோடே வழிகாட்டி. துவைத்துத் துவைத்து மெலிந்திருப்பதால் ஊசி தடையில்லாமல் இறங்கும். துணியின் நிறத்துக்கு மாறான நூல் எடுத்தால் பிழை பளிச்சென்று தெரியும். முதல் வரிசை ஓட்டுத் தையல், அதற்குக் கீழே பின் தையல். இரண்டையும் போட்டு முடித்த பிறகு நடுவில் ஒரு தையலை வெட்டிவிட்டு, துணியின் இரு பக்கத்தையும் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். எது வழுக்குகிறது, எது பிடிக்கிறது என்பதை ஒரு பாடப் புத்தகத்தைவிட அந்த இழுப்பு தெளிவாகச் சொல்லிவிடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. சிலர் பழைய பருத்திச் சட்டையை நைலான் நூலால் தைத்துவிட்டு, இனி விடவே விடாது என்று நிம்மதியடைவார்கள். தையல் விடாதுதான். ஆனால் அடுத்த இழுப்பில் தையலை ஒட்டித் துணி கிழியும். ஊசி போட்ட துளைகளின் வரிசை தபால்தலை ஓரத்தின் துளை வரிசையைப் போன்றது, நூல் வலுவாக இருந்தால் கிழிசல் அந்த வழியே ஓடும். தையல் துணியைவிடக் கொஞ்சம் பலவீனமாக இருக்க வேண்டும். விட்ட தையலை மறுபடி போட்டுக்கொள்ளலாம், கிழிந்த துணியை நெய்ய முடியாது.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, ஒரு வருடத்தில் வளர்ந்துவிட்ட பிள்ளையின் பாவாடை முழங்காலுக்கு ஏறியிருக்கும். தைத்தவர் முன்யோசனையாக ஓரத்தில் இரண்டு அங்குலம் மடித்து எம்மிங் போட்டிருந்தால் போதும். கத்திரி நுனியால் ஒரு நூலைத் தூக்கி வெட்டி இழுத்தால், மூட்டைச் சணல் போலவே அதுவும் உருவிக்கொண்டு வரும். மடிப்புக்குள் வெயில் படாமல் கிடந்த துணி, மற்ற இடத்தைவிட அடர்ந்த நீலத்தில் ஒரு பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டையின் கீழ் ஓரத்தை அரை அங்குலம் மட்டும் மடித்து, வெளித் துணியில் ஒரே ஒரு நூலைத் தூக்கி, அடுத்த வருடத்துக்கான தையலைத் தொடங்க வேண்டியதுதான்.